பேருந்து நிறுத்தத்தின் மேல் ஒரு வாளி மண்

எங்கள் ஈச்சங்குளம் அரசு மேல்நிலைப் பள்ளியில் கனரக இயந்திரம் இயக்கும் தொழிற்பிரிவு தொடங்கிய வருஷம், பாடப்புத்தகம் வந்தது, சுவரில் மாட்ட வண்ணப்படம் வந்தது, இயந்திரத்தை நிறுத்திவைக்கத் தகரக் கொட்டகைகூட வந்தது, இயந்திரம் மட்டும் வரவில்லை. வரும் என்று ஒரு கடிதம் வந்தது, புறப்பட்டுவிட்டது என்று அடுத்த கடிதம் வந்தது, வந்து சேர்ந்ததற்கு ரசீது அனுப்பவும் என்று மூன்றாவது கடிதமும் வந்துவிடவே, தலைமையாசிரியர் அங்குசாமி மூன்றையும் ஒரே கம்பியில் குத்திவைத்துவிட்டு, இல்லாத இயந்திரத்துக்கு முன்னால் பதினொரு பிள்ளைகளை உட்காரவைத்து வகுப்பைத் தொடங்கினார். அப்போது இதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்த பக்கத்து ஊர்க் கீழ்க்குளத்துக்காரர்கள் இப்போது எங்களைக் கண்டால் வேறு பக்கம் பார்த்துக்கொண்டு போகிறார்கள். அது ஏன் என்றுதான் சொல்ல வருகிறேன்.

பதினொரு பேரில் பத்துப் பேர் வேறு பிரிவில் இடம் கிடைக்காமல் வந்தவர்கள், அதில் ஒளிவுமறைவு ஒன்றுமில்லை. பதினொன்றாவது ஆள் சோலைச்செல்வி. அவள் வாங்கிய மதிப்பெண்ணுக்கு உயிரியல் பிரிவே கையை நீட்டி அழைத்தது, டாக்டருக்குப் படி என்று ஊரே சொன்னது, அவள் காதில் போட்டுக்கொள்ளவில்லை. அவளுடைய அம்மா பூமயில் நூறுநாள் வேலையில் கண்மாய்க்குள் மண் வெட்டிச் சுமக்கிறவள். ஒரு பங்குனி மாதத்தில் அம்மாவுக்குச் சோறு கொண்டுபோன சோலைச்செல்வி, பக்கத்து வாய்க்காலில் பொக்லைன் வண்டி ஒன்று நிற்பதையும், அதன் கண்ணாடி அறைக்குள் ஒரு மனிதர் கூரைக்குக் கீழே சாவகாசமாக உட்கார்ந்து, இரண்டு கைப்பிடிகளை அசைத்தே கரையளவு மண்ணை அள்ளிப் போடுவதையும் கண்கொட்டாமல் பார்த்தாள்.

"யம்மா, மண்ணு வெட்டுற வேலையில கூர இருக்கிற எடம் அது ஒண்ணுதான். நான் அங்க உக்காரணும்."

"உக்காரு, யாரு வேணாம்னா? மொதல்ல பத்தாப்புல பாஸாகு" என்று பூமயில் சொல்லிவிட்டுச் சோற்றைப் பிசைந்தாள்.

வகுப்புக்கு ஆசிரியர் வேண்டுமே. தலைமையாசிரியர் தேடிப் பிடித்தது எஸ்தர் நவமணி டீச்சரை. அவர் இருபது வருஷம் எங்கள் பிள்ளைகளுக்குத் தட்டச்சு கற்றுக்கொடுத்தவர், தட்டச்சுப் பிரிவை மூடியபிறகு நூலகச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு வேலையில்லாமல் உட்கார்ந்திருந்தவர்.

"சார், நான் ஸ்கூட்டர்கூட ஓட்டுனதில்ல" என்றார் டீச்சர்.

"இதுவும் ஓடாது டீச்சர், நின்ன எடத்துலயே நின்னு தோண்டும். டைப்பிங்லயும் ரெண்டு கை, இதுலயும் ரெண்டு கை. நீங்களே பாத்துக்கங்க."

டீச்சர் கோடை விடுமுறை முழுவதும் பாடப்புத்தகத்தைப் பென்சிலால் கோடு போட்டுப் படித்தார், ஜூன் மாதம் பள்ளி திறந்ததும் ஆளுக்கு இரண்டு மண்வெட்டிப் பிடி கொண்டுவரச் சொன்னார். பெயின்ட் டப்பாக்களில் மணலை நிரப்பி, பிடிகளை அதில் நட்டு, ஒவ்வொரு பெஞ்சுக்கும் இடப்பக்கம் ஒன்று வலப்பக்கம் ஒன்றாக வைத்தார், பிள்ளைகளை நடுவில் உட்காரவைத்துக் கைக்குட்டையால் கண்ணைக் கட்டினார். கையைப் பார்த்து டைப் அடிக்கிறவள் டைப்பிஸ்டே இல்லை என்பது அவர் கட்சி. கையைப் பார்த்து மண் அள்ளுகிறவனும் அப்படித்தான் என்று முடிவுகட்டிவிட்டார். இடது முன்னே போனால் கை நீளும், இடது பின்னே வந்தால் கை மடங்கும், வலது பின்னே வந்தால் கை உயரும், வலது உள்ளே போனால் வாளி அள்ளும் என்று அவர் மேசையில் ஸ்கேலால் தட்டத் தட்ட, பதினொரு பேரும் காற்றை அள்ளினார்கள், தூக்கினார்கள், திருப்பினார்கள், கொட்டினார்கள், காலி வாளியோடு திரும்பி வந்தார்கள். இப்படி ஒரு நாள் இரண்டு நாள் இல்லை, ஒரு வருஷமும் மூன்று மாதமும் வெறும் காற்றை அள்ளினார்கள். காற்றில் தப்பு செய்தாலும் டீச்சர் விடமாட்டார். "அழகுராஜா, ஒன் வாளி செவத்துல இடிச்சிருச்சு, மறுபடியும் அடி" என்பார். வாளி எது, சுவர் எது என்று அழகுராஜா ஒரு தடவைகூட எதிர்த்துக் கேட்டதில்லை.

பிளஸ் டூ வந்த புரட்டாசி மாதத்தில் வகுப்பறையைக் காலாண்டுத் தேர்வுக்கு எடுத்துக்கொண்டதால், பெஞ்சுகளைத் தூக்கிக்கொண்டுபோய் மைதானத்தில் மதிலோரம் வரிசையாகப் போட்டார்கள். வெள்ளிக்கிழமை, கடைசிப் பாடவேளை. கண்ணைக் கட்டிக்கொண்டு அள்ளிக்கொண்டிருந்த சோலைச்செல்வி கையை நிறுத்தாமலே, "டீச்சர், கல்லு தட்டுது" என்றாள்.

"கல்லு தட்டுனா பின்னாடி எடு, ஓரமா வெட்டு" என்று டீச்சர் பாடப்புத்தகத்தில் இருப்பதை அப்படியே சொன்னார்.

அவள் பின்னால் எடுத்தாள், ஓரமாக வெட்டினாள், அவளுடைய பெஞ்சுக்கு முன்னால் இருபதடித் தூரத்தில் தரை வாய் பிளந்து, ஒரு வாளி கொள்ளும் செம்மண் அடியில் கிடந்த கல்லோடும் கோரைப்புல் வேரோடும் பிய்த்துக்கொண்டு மேலே எழுந்தது. டீச்சர் அதைப் பார்த்தார், ஸ்கேலால் தட்டுவதை நிறுத்தவில்லை. மண் மெதுவாக உயர்ந்தது, இடப்பக்கம் திரும்பியது, மதிலைத் தாண்டி வெளியே சாலையோரத்துக்கு மேலே போனது, கொட்டுவதற்கு இன்னும் ஒரு தட்டுதான் பாக்கி, அந்த நேரம் பார்த்துப் பள்ளி முடிந்து ஒலிபெருக்கியில் தேசிய கீதம் போட்டுவிட்டார்கள். எங்கள் பள்ளிப் பிள்ளைகள் கீதம் கேட்டால் வாயில் போட்ட சோற்றை மெல்லாமல் நிற்கிறவர்கள். சோலைச்செல்வி இரண்டு பிடிகளையும் விட்டுவிட்டுக் கண்ணில் கட்டிய கைக்குட்டையோடு விறைப்பாக எழுந்து நின்றாள். கீதம் முடிந்தது, நாலே முக்கால் பேருந்து ஹாரன் அடித்தது, அதை விட்டால் ஏழு மணிக்குத்தான் அடுத்தது என்பதால் பிள்ளைகள் பையைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். மண் அங்கேயே நின்றது.

அது நின்ற இடம் எங்கள் ஊர்ப் பேருந்து நிறுத்தத்துக்கு நேர் மேலே, தரையிலிருந்து ஒன்பதடி உயரத்தில், கட்டில் இரண்டைச் சேர்த்துப் போட்டது போன்ற அகலத்தில். அன்றைக்குப் பேருந்தில் வந்த நடத்துநர்தான் முதலில் கேட்டவர்.

"என்னப்பா மேல?"

"மண்ணு."

"ஓ" என்றார், விசில் கொடுத்தார், பேருந்து போய்விட்டது.

ஏன் அவளுடைய பிடிகளுக்கு மட்டும் மண் எழுந்தது, மற்றப் பத்துப் பேருக்கு ஏன் எழவில்லை என்று பிற்பாடு வந்த வெளியூர்க்காரர்கள் எங்களைத் துளைத்தெடுத்தார்கள். ஒன்றே கால் வருஷம் அள்ளினால் எதுதான் வராது என்றார் டீச்சர், அதற்குமேல் நாங்கள் யாரும் மண்டையை உடைத்துக்கொள்ளவில்லை. எங்களுக்கு அதைவிடப் பெரிய விஷயம் ஒன்று கிடைத்துவிட்டது, நிழல். அந்த நிறுத்தத்துக்கு ஒரு நிழற்குடை கேட்டுப் பதினைந்து வருஷமாக மனுக் கொடுத்துக் கொடுத்துக் கை ஓய்ந்தவர்கள் நாங்கள். சனிக்கிழமை காலையில் வெள்ளத்தாய் தன் பணியாரச் சட்டியையும் அடுப்பையும் தூக்கிக்கொண்டுவந்து மண்ணுக்குக் கீழே கடையைப் போட்டாள், ஞாயிற்றுக்கிழமை யாரோ ஒரு பெஞ்சைக் கொண்டுவந்து போட்டார்கள், திங்கட்கிழமை வருவதற்குள் அந்த நிழல் பிறந்ததிலிருந்து எங்களோடு இருப்பதுபோல் பழகிவிட்டது.

திங்கட்கிழமை சோலைச்செல்வி மறக்காமல் மண்ணை இறக்கத்தான் வந்தாள். பெஞ்சில் உட்கார்ந்து பிடிகளைத் தொட்டதும் மண் ஒரு சாண் நகர்ந்தது, மதிலுக்கு அந்தப் பக்கமிருந்து வெள்ளத்தாய் போட்ட சத்தத்தில் தலைமையாசிரியரே வெளியே வந்துவிட்டார்.

"ஏ புள்ள! அடுப்புக்கு மேல தூசி கொட்டுது, கைய எடு!"

அவள் கையை எடுத்துவிட்டாள். அதோடு அவளுக்குப் பிடித்தது சனியன் என்றுதான் சொல்லவேண்டும். அவளுடைய வாளி நிறைந்திருந்தது. நிறைந்த வாளியால் இன்னொரு தடவை அள்ள முடியாது. வேறு பெஞ்சில் உட்கார்ந்து பார்த்தாள், பக்கத்துப் பெஞ்சுத் தவமணியின் பிடிகளைக் கேட்டு வாங்கிப் பார்த்தாள், எந்தப் பிடியை அவள் தொட்டாலும் அசைவது சாலையோரத்தில் தொங்கிய அந்த மண்தான். அன்றிலிருந்து பத்துப் பேரும் டீச்சரின் தட்டுக்கு அள்ளிக் கொட்டிக்கொண்டிருக்க, வகுப்பிலேயே கெட்டிக்காரி இரண்டு கைகளையும் மடியில் வைத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தாள். எங்களுக்கு அது உறைக்கவில்லை, உண்மையை மறைத்து என்ன ஆகப்போகிறது.

நாங்கள் மண்ணைக் கொண்டாடுவதில் இருந்தோம். ஐப்பசி மழையில் அதன்மேல் புல் முளைத்தது, நனைந்து கனத்தாலும் ஒரு கட்டி கீழே விழவில்லை, அடியிலிருந்து சொட்டிய தண்ணீர் பன்னீர்போல் தெளிவாக இருந்ததால் அதைப் பிடிக்க வெள்ளத்தாய் ஒரு குடம் வைத்தாள். அவளுடைய வெள்ளாடு மதில்மேல் ஏறி அங்கிருந்து ஒரே தாவலில் மண்ணுக்குப் போய்விட்டது. ஆடு அவ்வளவு தூரம் தாவாது என்று கால்நடை மருத்துவர் சொன்னார், ஆட்டிடம் அதை யாரும் சொல்லவில்லை. நடத்துநர்கள் ஈச்சங்குளம் விலக்கு என்று கூப்பிடுவதை விட்டுவிட்டுத் தொங்குமண் என்று கூப்பிட்டார்கள், பயணச்சீட்டு இயந்திரத்திலும் அதுவே ஏறிவிட்டது. தங்கள் ஊரில் சிமென்ட் நிழற்குடையே இருக்கிறது என்று கீழ்க்குளத்துக்காரர்கள் பீற்றிக்கொண்டபோது, உங்கள் நிழற்குடையில் புல் முளைக்குமா, ஆடு மேயுமா என்று கேட்டோம், வாயை மூடிக்கொண்டு போனார்கள். சோலைச்செல்விக்கு மூன்று அமைப்புகள் மாலை போட்டன. மாலையைக் கழற்றிவிட்டு அவள் திரும்பவும் போய்ச் சும்மா உட்கார்ந்துகொண்டாள்.

தை மாதம், பள்ளிக்கு ஒரு கடிதம் வந்தது. இயந்திரம் வருகிறது, மாசியில் செய்முறைத் தேர்வு, ஆய்வு அதிகாரி நேரில் வருவார், வாளி இயக்கத்தில் தேறாதவர்களுக்கு ஓட்டுநர் சான்றிதழ் கிடையாது என்று இருந்தது. அன்று சாயங்காலமே சோலைச்செல்வி வெள்ளத்தாயின் கடைக்கு வந்து நின்றாள்.

"அத்த, நான் மண்ண எறக்கணும்."

"எதுக்குத் தாயி? அது பாட்டுக்குக் கெடக்கு. ஒனக்கு எதும் வலிக்குதா?"

"வலிக்கல அத்த. ஆனா கை நெறஞ்சே இருக்கு. புதுசா எதையும் எடுக்க முடியல."

"எடுத்த வரைக்கும் போதும்டி. இந்த நாட்டுல எவ எடுத்திருக்கா இப்படி? இந்தா, சூடா நாலு பணியாரம் தின்னுட்டுப் போ."

வெள்ளத்தாய் கெட்டவள் இல்லை, அவளுக்கு மனம் முழுக்கப் பெருமை, அதோடு நெற்றியில் வெயில் படாமல் வாழ்ந்த நாலு மாதச் சுகம். ஆனாலும் பெண் எதையாவது செய்துவிடுவாளோ என்ற பயத்தில் ஆள் சேர்த்தாள். குடியரசு தினத்தன்று நடந்த கிராம சபைக் கூட்டத்தில், மாணவி சோலைச்செல்வியால் உயர்த்தப்பட்ட மண் உயர்த்தப்பட்ட இடத்திலேயே எக்காலமும் இருக்கவேண்டும் என்று ஒருமனதாகத் தீர்மானம் நிறைவேறியது. நானும் கையெழுத்துப் போட்டேன். முதல் கையெழுத்து பூமயிலுடையது.

"நீயுமாம்மா?" என்று வீட்டில் சோலைச்செல்வி கேட்டாளாம்.

"ஒம் பேருலதானடி தீர்மானம்! எம்மக எடுத்த மண்ணுன்னு தெனம் ஒரு தடவ நின்னு பாத்துட்டுத்தான் வேலைக்குப் போறேன். அத எறக்கிட்டா என்னத்தப் பாக்குறது?"

"எடுத்ததத்தான் எல்லாரும் பாத்தாச்சே. எறக்கத் தெரியுமான்னு எவராவது கேட்டாகளா? எனக்கே தெரியலம்மா. அதத் தெரியாம நான் எப்பிடி அந்த சீட்டுல உக்கார்றது?"

மறுநாள் கண்மாயில் மண்கூடையைத் தலையில் ஏற்றிவிட்டபிறகு பூமயில் அடியெடுத்து வைக்காமல் அப்படியே நின்றுகொண்டிருந்ததாகவும், என்னக்கா மயக்கமா என்று கேட்டதற்கு யோசனை என்று சொன்னதாகவும் கூட வேலை செய்தவர்கள் சொன்னார்கள்.

மாசி பிறந்ததும் இயந்திரம் லாரியில் ஏறி வந்து இறங்கியது. மஞ்சள் நிறம், கழுவித் துடைத்த புதுசு, பார்த்ததும் எங்களுக்கு உடம்பு சிலிர்த்தது. தேங்காய் உடைத்து, பூசணிக்காய் சுற்றி, எலுமிச்சம்பழம் நசுக்கி முடித்ததும், நிஜ இயந்திரத்தை அதுவரை தொட்டே பார்க்காத பத்துப் பிள்ளைகளும் ஒருவர் பின் ஒருவராக ஏறி, கண்ணை மூடிக்கொண்டு கைப்பிடியைப் பிடித்து, அள்ளித் தூக்கித் திருப்பிக் கொட்டிக் காட்டினார்கள் பாருங்கள்! வண்டியோடு வந்த ஓட்டுநர், இவங்களுக்கு யார் சொல்லிக்கொடுத்தது என்று கேட்டார். எஸ்தர் நவமணி டீச்சர் கையைத் தூக்கினார், எங்கள் பக்கத்தில் கைதட்டல் அடங்கக் கொஞ்ச நேரமானது. கடைசியாகச் சோலைச்செல்வி ஏறினாள். அவள் கைப்பிடியைப் பின்னுக்கு இழுத்தாள், எஞ்சின் முக்கியது, வண்டியின் வாளி தரையிலேயே கிடந்தது, மதிலுக்கு அப்பால் மண் அசைந்தது, ஆடு கத்தியது. அவள் இறங்கிவிட்டாள். கைதட்டிக்கொண்டிருந்த எங்கள் கைகளை எங்கே வைப்பதென்று தெரியவில்லை.

தேர்வுக்கு வந்த அதிகாரியின் பெயர் திருஞானம். பேருந்தில்தான் வந்தார், மண்ணுக்குக் கீழேதான் இறங்கினார், அண்ணாந்து பார்த்துவிட்டுக் குறிப்பேட்டில் என்னவோ எழுதிக்கொண்டார். பத்துப் பேரும் ஆளுக்குப் பன்னிரண்டு நிமிடத்தில் ஆறு மீட்டர் நீளக் கால்வாய் வெட்டிக் காட்டித் தேறினார்கள். பதினொன்றாவது பெயரைக் கூப்பிடும் முன் தலைமையாசிரியர் அவர் காதோடு நிலைமையைச் சொன்னார்.

"வாளியில மண்ணோட யாரும் தேர்வைத் தொடங்க முடியாது சார். மொதல்ல அதை எறக்கட்டும்" என்றார் திருஞானம்.

"எறக்குறதுக்குத் தனியா நேரம் குடுங்க சார்."

"எல்லாருக்கும் பன்னிரண்டு நிமிஷம்தான். எறக்குறதும் வாளி இயக்கம்தானே?"

எறக்குவது என்ற சொல் மதிலைத் தாண்டி எங்கள் காதில் விழுந்தது. நிழலிலும் அதைச் சுற்றியும் நாற்பது பேர் இருந்தோம், கிராம சபைத் தீர்மானத்தின் நகல் வெள்ளத்தாயின் சேலை முடிச்சில் இருந்தது. நகரமாட்டோம் என்று யாரும் சொல்லவில்லை, ஆனால் யாரும் நகரவும் இல்லை. அப்போது பூமயில், கண்மாயிலிருந்து நேராக வந்தவள், தலையில் சும்மாடோடு சாலையின் நடுவில் வெயிலில் போய் நின்றாள்.

"மொதக் கையெழுத்துப் போட்டவ நான்தான், இல்லேங்கல. ஆனா மண்ணு வெட்டிப் பொழைக்கிறவ சொல்றேன், கேட்டுக்கங்க. கூடைய ஏத்தி விட்டாச்சுன்னா கொண்டுபோய்க் கொட்டணும். ஏத்துன கூடையோட ஒருத்தி அஞ்சு மாசமா நிக்கிறா. அவ கீழ நின்னுக்கிட்டு நாம நெழலு நல்லாருக்குன்னு சொல்லிக்கிட்டிருக்கோம். எம்புள்ளைக்குக் கழுத்து வலிக்குமேன்னு எனக்கே தோணல. நான் என்ன தாய்?"

வெள்ளத்தாய் சட்டியில் வெந்துகொண்டிருந்த ஏழு பணியாரங்களையும் ஒவ்வொன்றாகக் குத்தி எடுத்தாள், அடுப்பில் தண்ணீரை ஊற்றினாள், சட்டியைத் துணியால் பிடித்துத் தூக்கிக்கொண்டு வெயிலில் இறங்கிப் போய்ப் பூமயிலுக்குப் பக்கத்தில் நின்றாள். அவள் பின்னால் நாங்கள் எல்லோரும் போனோம். ஆடு மட்டும் இறங்கமாட்டேன் என்றது, கூப்பிட்டும் பார்த்தோம், கல்லை விட்டும் பார்த்தோம், அது புல்லை விடுவதாக இல்லை.

திருஞானம் கடிகாரத்தை அழுத்தினார். சோலைச்செல்வி கண்ணாடி அறைக்குள் உட்கார்ந்தாள். டீச்சர் வெளியே நின்று கொட்டகைத் தூணில் ஸ்கேலால் தட்டத் தொடங்கினார். அதை நிறுத்தச் சொல்ல அதிகாரிக்கும் துணிவு வரவில்லை.

ஐந்து மாதம் ஒரே இடத்தில் நின்ற மண், புல்லும் வேரும் ஆடும் சேர்ந்த அந்தச் சின்னத் தோட்டம், ஒரு நடுக்கம் நடுங்கியது. பிறகு அது திரும்பத் தொடங்கியது, எவ்வளவு மெதுவாக என்றால், நகர்வதை நிழலைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டோம். நிழல் சாலையைவிட்டு மதிலில் ஏறியது, மதிலிலிருந்து மைதானத்துக்குள் இறங்கியது. மதிலோரம் ஓடிவந்து எக்கி எக்கி நாங்கள் பார்த்துக்கொண்டிருக்க, அவள் அதைத் தான் முன்பு எடுத்த குழிக்கு நேர் மேலே கொண்டுவந்து நிறுத்தினாள், அங்குலம் அங்குலமாக இறக்கினாள், மண் குழிக்குள் அடி பதித்ததும் வாளியை வெளிப்பக்கம் சாய்க்காமல் அடியிலேயே கொஞ்சம் கொஞ்சமாகத் திறந்தாள், மண் சரியவில்லை, உட்கார்ந்தது. ஆடு மென்றுகொண்டே இருந்தது. தான் நிற்பது தரையாகிவிட்டது என்று அதற்குத் தெரியவே இல்லை, மேய்ந்துகொண்டே மைதானத்துக்குள் நடந்து போய்விட்டது. வெள்ளத்தாய் சட்டியைக் கீழே வைத்துவிட்டு முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதாள். நானும் அழுதேன், அதில் வெட்கம் என்ன இருக்கிறது.

அதற்கு ஒன்பது நிமிடம் ஆகியிருந்தது. மீதி மூன்று.

அவள் கைப்பிடியைப் பின்னுக்கு இழுத்தாள். மஞ்சள் வண்டியின் வாளி, நிஜமான இரும்பு வாளி, தரையிலிருந்து எழுந்தது. முதல் தடவை ஆழம் தப்பி மேலோட்டமாகச் சுரண்டியது, இரண்டாவது தடவை கோடு வளைந்தது, ஐந்து மாதம் பழகாத கை வேறு எப்படி இருக்கும். மூன்றாவது வாளியில் கை கூடிவந்தது, நான்காவது வாளி நேராக வெட்டி நிறைந்து திரும்பிக் கொட்டியபோது கடிகாரம் மணி அடித்தது. கால்வாய் ஒன்றரை மீட்டர்தான் வந்திருந்தது.

திருஞானம் கால்வாய்க்குள் இறங்கி அளந்தார், குழி மூடிய இடத்துக்குப் போய்க் காலால் மிதித்துப் பார்த்தார், நீண்ட நேரம் எழுதினார். "அறுபத்தொண்ணு. அறுபது வந்தா தேர்ச்சி" என்றார். மதிலோரம் நின்ற நாங்கள் கொதித்துப்போனோம். இந்த ஊரில் அவளுக்கு அறுபத்தொன்றா, ஆட்டைக் கேளுங்கள் சார் எத்தனை போடும் என்று, என்று ஆளுக்கு ஆள் கத்தினோம்.

சோலைச்செல்வி அறைக்கதவைத் திறந்து எட்டிப் பார்த்தாள்.

"மார்க்கு சரிதான் சார். ரெண்டாவது வாளி கோணல், நானே பாத்தேன். நேரம் முடிஞ்சிருச்சுன்னும் தெரியும். மார்க்குக்கு இல்ல சார், சும்மா, இன்னும் ஒரு வாளி மட்டும் எடுத்துக்கிறேன்."

அவர் அவளைப் பார்த்தார், கடிகாரத்தைப் பார்த்தார், அதைச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டார்.

ஒரு வாளி என்று கேட்டவள்தான். அந்த ஒன்றைக் கொட்டிவிட்டுக் காலியாகத் திரும்பி வந்த வாளி நிற்கவில்லை, அடுத்ததை அள்ளியது, அதற்கடுத்ததை அள்ளியது. நாலே முக்கால் பேருந்து வந்து ஹாரன் அடித்துப் பார்த்துவிட்டு ஒருவரும் ஏறாமலே போனது. தலைக்கு மேல் ஒன்றுமில்லாத அந்தச் சாலையோரத்தில் ஊரே வெயிலில் நின்றுகொண்டு, பூமயில் தொடங்கிவைக்க, வாளி வாளியாக வாய்விட்டு எண்ணினோம். முப்பத்தொன்று எண்ணினோம். முப்பத்திரண்டாவதில் டீசல் தீர்ந்துபோனது.